ஆறாவது கட்டை

கரியப்பனை நினைத்தால் எனக்கு முதலில் அவர் இடுப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது. அரைஞாண் கயிற்றில் மற்றவர்கள் சாவியோ தாயத்தோ கட்டியிருப்பார்கள். இந்த மனுஷர் ஒரு மரக்கட்டையைக் கட்டியிருப்பார். நுனியில் கட்டைவிரல் கனம், தலையில் அதைப்போல் இரண்டு மடங்கு, நீளம் ஒரு சாண்கூட இருக்காது. நடக்கும்போது தொடையில் தட்டிக்கொண்டே வரும். தலைப்பாகைக்குள் இன்னொன்று செருகியிருக்கும். “இதென்னண்ணே, வேப்பங்குச்சியை இவ்வளவு தடியா வெச்சிருக்கீங்க?” என்று முதல் நாள் கேட்டேன். “படகோட உசுருங்க” என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றில் அணை கட்டித் தண்ணீர் நிறுத்திய புதிது அது. அதற்கு முன் கரியப்பன் ஆற்றில் பரிசல் போட்டவர். தண்ணீர் பரவியதும் ஆறு ஏரியாகிவிட்டது. பாறைக்கொட்டாய் என்று பதினைந்து வீடுகள் அக்கரை மேட்டில் தனியாக நின்றுவிட்டன. சுற்றிப் போனால் பதினொரு மைல். தண்ணீர் வழியாகப் போனால் அரைமணி. பரிசலின் தோல் மக்கிப் போயிருந்தது, அந்த அகலத் தண்ணீருக்கு அது தாங்கவும் தாங்காது. வேலை முடித்துக் கிளம்பிய ஒரு கான்ட்ராக்டர் தன் பழைய பலகைப் படகை அப்படியே கரையில் விட்டுவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் கூடி அதைக் கரியப்பனிடம் ஒப்படைத்தார்கள்.

அந்தப் படகின் பின்பக்கம் அடிப்பலகையில் ஒரு ஓட்டை இருந்தது. உடைந்த ஓட்டை இல்லை, வேண்டுமென்றே போட்டது. கரையில் இழுத்துப் போட்டால் உள்ளே தேங்கின தண்ணீர் வடிந்து போகவேண்டுமே, அதற்காக. பரிசலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் முடிந்தது வேலை. இந்தப் படகைக் கவிழ்க்க எட்டு ஆள் வேண்டும். ஓட்டைக்கென்று பித்தளையில் ஒரு திருகு மூடி இருந்ததாம். அதைக் கான்ட்ராக்டரின் ஆட்களே எங்கேயோ தொலைத்துவிட்டதால், மரக்கட்டையை அடித்து அடைக்க வேண்டியதாயிற்று.

“முப்பது வருசம் தண்ணில கெடந்தன். ஓட்ட உழுந்தா அடைக்கிறதுதான் தொழிலு. இவன் என்னாடான்னா ஓட்டய வெச்சே படகு பண்ணிக்கிறான்!” என்று கரியப்பன் யாரைப் பார்த்தாலும் சொல்லுவார். அந்த ஓட்டையை அவர் கடைசி வரைக்கும் நம்பவில்லை.

நான் அப்போது இக்கரையில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை, ஒரு பெஞ்சு, பின்னால் ஒரு பூவரச மரம். ஜெயசெல்வி என்ற பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், நர்சம்மாதான். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. காலையிலிருந்து புண் கழுவி, பிரசவம் பார்த்து, கால் கடுக்க நடந்து, செவ்வாயும் சனியும் பாறைக்கொட்டாய்க்குப் போகக் கரைக்கு வந்தால், இந்த மனுஷர் உடனே படகைத் தள்ளமாட்டார். முதலில் ஓட்டையில் இருக்கிற கட்டையைப் பிடுங்கிப் பார்ப்பார். திரும்ப அடித்து ஏற்றுவார். பிறகு இடுப்புக் கட்டையைத் தொட்டுப் பார்ப்பார். தலைப்பாகையைத் தடவுவார். உட்காரும் பலகைக்கு அடியில் கட்டி வைத்ததை இழுத்துப் பார்ப்பார். கரைப் புளியமரப் பொந்தில் கையை விட்டு, அங்கே ஒளித்து வைத்தது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

“அண்ணே, உயிரை வாங்காதீங்க! நேத்து இருந்த கட்டை இன்னிக்கு எங்க ஓடிப் போயிடும்?”

“ஓடாதுங்க. ஆனா ஓட்டயும் எங்கியும் ஓடாதுங்களே.”

நான் வெயிலில் பையைச் சுமந்துகொண்டு நிற்பேன். எனக்குள் திட்டிக்கொள்வேன். வெளியேயும் திட்டியிருக்கிறேன்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. முதல் வருஷம் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போகிற ஆடுகளோடு நடுத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தபோது கட்டை பிடுங்கிக்கொண்டது. வேப்பங்கட்டை, வெடித்திருக்கிறது. அவர் கையை வைத்து அடைத்துக்கொண்டு, ஆட்டுக்காரனை இறைக்கச் சொல்லி, எப்படியோ கரை சேர்த்தார். ஆனால் இரண்டு ஆடுகள் பயந்து குதித்துவிட்டன. அவை கத்தின கத்தலை அவர் மறக்கவேயில்லை. “மனுசங்களா இருந்தா?” என்று மட்டும் என்னிடம் ஒருநாள் சொன்னார்.

அதற்குப் பிறகு கட்டை தேடுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. தேக்கு வைத்துப் பார்த்தார். அது தண்ணீரில் ஊறாமல் அப்படியே இருந்து நழுவியது. கல்யாண முருங்கை ஊறினது, ஆனால் புட்டு மாதிரி உதிர்ந்தது. ராயக்கோட்டை வரைக்கும் போய்த் தச்சர்களைக் கேட்டுவிட்டு வந்தார். கடைசியில் என் ஆஸ்பத்திரிப் பூவரச மரத்தடியில் வந்து நின்று, “நர்சம்மா, ஒரு கெளை வெட்டிக்கட்டுங்களா?” என்று கேட்டார். பூவரசு அவருக்குச் சரிப்பட்டது. அளவாக ஊறி, ஓட்டையை இறுக்கிப் பிடித்து, வெடிக்காமல் இருந்தது. நிழலில் ஒரு மாசம் காயவைத்து, அரிவாளால் செதுக்கி, விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றையும் ஓட்டையில் பொருத்திப் பார்த்து வைத்துக்கொண்டார். மொத்தம் ஆறு தேறியது.

ஐந்துக்கு இடம் சொல்லிவிட்டேன். ஆறாவதை வைகாசி மாசம் ஒருநாள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. பையில போட்டு வெச்சிக்கோங்க. எடுத்துடாதீங்க.”

“நான் மருந்து சுமக்கிறதா, உங்க விறகைச் சுமக்கிறதா?”

“சின்னதுதானுங்க.”

வாங்கிப் பையில் போட்டேன். இரண்டு வாரம் சுமந்தேன். பையைத் திறக்கும்போதெல்லாம் கத்தரிக்கோலுக்கும் பஞ்சுக்கும் நடுவே அது உருண்டுகொண்டு, எண்ணெய்ப் பிசுக்கைப் பஞ்சில் அப்பியது. எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த வாரம் பார்த்து ஆஸ்பத்திரிப் பினாயில் ஜாடியின் கார்க் உடைந்து போனது. பூவரசங்கட்டையை எடுத்து ஜாடி வாயில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்துகொண்டது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம் வேறு! பை லேசாயிற்று, ஜாடிக்கும் மூடி கிடைத்தது. அத்தோடு அதை மறந்தேன்.

அந்த வருஷம், ஐம்பத்தெட்டில், பாறைக்கொட்டாய் சென்னகிருஷ்ணனின் மனைவி சம்பங்கி மூன்றாம் முறை கர்ப்பமாக இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போனது. இன்னொன்று பிறந்து ஒரு நாள் இருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு செவ்வாயும் கரையில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். “நீங்க வந்துடுவீங்கல்ல நர்சம்மா?” என்பாள். பிள்ளை கால் பக்கமாகத் திரும்பியிருப்பது என் கைக்குத் தெரிந்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஆயுதபூஜை முடிந்ததும் வருகிறோம் என்றார்கள். அதற்குள் ஒன்றும் ஆகாது என்று நானும் கணக்குப் போட்டேன். வலி எடுத்தால் உடனே ஆளனுப்புங்கள், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன்.

ஆயுதபூஜை அன்று மத்தியானம் சென்னகிருஷ்ணன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். இடுப்பில் இரண்டு சுரைக்குடுக்கை கட்டியிருந்தது. அதைப் பிடித்து நீந்தியே வந்திருக்கிறான். அன்றைக்குப் படகு ஓடாது என்று அவனுக்குத் தெரியும். உதடு நீலம் பாரித்திருந்தது.

“காலைலருந்து வலிங்க. ஒரு காலு வெளிய தெரியுது. அவ உங்களத்தான் கேக்குறா.”

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கரைக்கு இரண்டு மைல். கரியப்பன் கரையில்தான் இருந்தார். பண்டிகை நாளிலும் அவருக்குப் படகை விட்டு வீட்டில் இருப்புக் கொள்ளாது. படகைக் கழுவிக் கரையில் ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். பொரி இறைந்து கிடந்தது.

“தள்ளுங்கண்ணே, சீக்கிரம்! சம்பங்கிக்கு வலி.”

அவர் எழுந்தார். இடுப்பைத் தொட்டார். அங்கே வெறும் கயிறு. தலைப்பாகையைத் தடவினார். அதிலும் ஒன்றுமில்லை. படகின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். ஓட்டை வழியாக மண் தெரிந்தது.

“கட்டை எங்கண்ணே?”

“சாமிகிட்டங்க. எல்லாத்தையும் வெள்ளையம்மா எடுத்துட்டா.”

வெள்ளையம்மா அவர் மனைவி. பக்திக்காரி, எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். ஓட்டையில் இருந்தது, இடுப்பில் இருந்தது, தலைப்பாகையில் இருந்தது, பலகைக்கு அடியில் இருந்தது, புளியமரப் பொந்தில் இருந்தது, ஐந்தையும் தேடி எடுத்துக் கழுவி மஞ்சள் பூசிச் சாமி முன்னால் அடுக்கிவிட்டாள். படகுக்காரனின் ஆயுதம் அதுதானே! அரிவாளும் அங்கேதான். புதிதாக ஒன்று செதுக்கலாம் என்றாலும் கையில் இரும்பு கிடையாது. படைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடிகிறவரைக்கும் தொடமாட்டார்கள். தொடத் துணிந்தாலும் அவர் வீடு மேட்டுமேல் இரண்டு மைல்.

அவர் முகம் திடீரென்று தெளிந்தது. “அடடா, உங்க பையில ஒன்னு இருக்குதில்லீங்க! பதட்டத்துல நானே மறந்துட்டன். இதுக்குத்தாங்க உங்ககிட்ட குடுத்தன். எங்க ஊட்ல எத்தன வெச்சாலும் இன்னிக்கி ஒருநா எல்லாம் சாமிகிட்ட போயிடும். உங்க ஊட்ல ஆயுதபூச கெடையாதுங்களே. எடுங்க, எடுங்க.”

கையை நீட்டிக்கொண்டு நின்றார். சென்னகிருஷ்ணனும் என் பையையே பார்த்தான்.

இல்லை என்று தெரிந்தே பையைத் திறந்தேன். பஞ்சைத் தள்ளினேன், கத்தரிக்கோலைத் தள்ளினேன், அடிவரைக்கும் துழாவினேன். அந்த நேரத்தில் எதற்காக அந்த நாடகம் ஆடினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன. “மறந்து வெச்சிட்டு வந்துட்டேன் போலிருக்கு” என்றேன்.

“ஏன் மாட்லி” என்றார் கரியப்பன். அலுத்துப் போனால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். என்ன செய்வேன் என்று அர்த்தம். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடனே குனிந்து கருவேலங்கிளை ஒன்றைக் காலால் மிதித்து ஒடித்தார். என் பேண்டேஜ் சுருளை வாங்கி அதன்மேல் இறுக்கிச் சுற்றினார். கரைக் களிமண்ணைப் பிசைந்து அப்பினார். ஓட்டையில் வைத்துக் கல்லால் அடித்தார். மூன்று பேரும் படகைத் தள்ளினோம்.

முப்பது அடி போவதற்குள் மண் கரைந்து குச்சி நழுவியது. தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. திரும்பிக் கரைக்கு வந்து, தண்ணீரைக் கொட்டி, தம் துண்டைக் கிழித்து இன்னும் கனமாகச் சுற்றினார். அதற்கே அரைமணிக்குமேல் ஆயிற்று. அக்கரை மேட்டில் வீடுகள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தன.

இரண்டாம் முறை நான் படகின் பின்பக்கம் தரையிலேயே உட்கார்ந்தேன். இரண்டு உள்ளங்கையையும் அந்தக் குச்சியின்மேல் வைத்து, உடம்புப் பாரம் முழுக்கப் போட்டு அமுக்கிக்கொண்டேன். கரியப்பன் துடுப்புப் போட்டார். சென்னகிருஷ்ணன் தகர டப்பாவால் இறைத்தான். ஐப்பசிக் காற்று எதிரே அடித்தது. விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் ஊறி ஊறி வந்து, சேலை இடுப்பு வரைக்கும் நனைந்துவிட்டது. கை மரத்துப் போயிற்று. பாதித் தூரத்தில் தோள் விட்டுப்போகும் போலிருந்தது. கையை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பூவரசங்கட்டை ஒன்று இருந்திருந்தால் அந்த இடத்தில் யாரும் உட்கார வேண்டியதில்லை. அது என் ஜாடியில் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

“புடிக்குதுங்களா நர்சம்மா?” என்று துடுப்பை நிறுத்தாமல் கேட்டார்.

“பிடிக்குது. நீங்க போடுங்க.”

கரை ஏறி ஓடினோம். வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தியும் எங்களைப் பார்த்து வழிவிடச் சொல்லிச் சத்தம் போடவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆண் குழந்தை. நல்ல வளர்ச்சி. உடம்பு வெளியே வந்து, தலை மாட்டிக்கொண்டதில் மூச்சு நின்றுபோயிருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு எடுக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அந்த மாதிரி ஒன்பது குழந்தைகளை உயிரோடு எடுத்த கை இது.

“எப்ப ஆச்சு?” என்று கேட்டேன்.

“இப்பத்தாங்க. ஒரு அரமணி ஆவும்” என்றாள் ஒருத்தி.

சம்பங்கிக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவள் பிழைத்தாள். கண் திறந்ததும் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டீங்களா நர்சம்மா” என்றாள். என் உள்ளங்கை இரண்டும் ஊறிச் சுருங்கிப் போயிருந்தது.

கரியப்பன் வெளியே படகருகிலேயே உட்கார்ந்திருந்தார். நான் போனதும் எழுந்து, “தப்பு என் பேர்லதாங்க. ஒன்ன அவளுக்குத் தெரியாம ஒளிச்சி வெச்சிருக்கணும். ஆறு செதுக்குனவன் ஏழாவதா ஒன்னு செதுக்கியிருக்கலாம்” என்றார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கட்டை பையில் இல்லாதது மறதியினால் இல்லை, நானே எடுத்து வேறு வேலைக்கு வைத்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறது, நாளைக்குச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நாளைக்கு வரவே இல்லை. செவ்வாயும் சனியும் அவர் படகில் போனேன், வந்தேன். அவர் கட்டைகளைச் சரிபார்க்கிறவரைக்கும் வாய் பேசாமல் நின்றேன்.

கார்த்திகையில் ஒருநாள் காலை அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். துண்டில் சுற்றி ஏதோ கொண்டுவந்திருந்தார். நான் ஒரு பிள்ளைக்குக் காதுப் புண் கழுவிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். பெஞ்சுக்கு எதிரே, சுவரோரமாகத்தான் பினாயில் ஜாடி இருந்தது. அதன் வாயில் அந்தக் கட்டை. பினாயில் பட்டுப் பட்டு நுனி கறுத்திருந்தது. ஆனால் தலையில் அவர் அடையாளத்துக்கு வெட்டின ஆறு கீறலும் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கே அதை எடுத்து ஒளித்திருக்கலாம். அந்தப் புத்திகூட எனக்கு வரவில்லை. தினமும் அதைப் பிடுங்கித் தரை கழுவிவிட்டு, திரும்ப அதையே வைத்து மூடிக்கொண்டிருந்தேன்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவர் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

எழுந்து போய் ஜாடி முன்னால் குந்தினார். கட்டையைப் பிடித்து இலேசாகத் திருகிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. விரலை முகர்ந்தார். அவர் திட்டட்டும், ஜாடியைத் தூக்கிப் போட்டு உடைக்கட்டும், வெளியே போய் ஊரைக் கூட்டட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை பாவம், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

“கசியுதுங்களா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே” என்றேன்.

“கசியாதுங்க” என்றார். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, துண்டைப் பிரித்தார். புதிதாகச் செதுக்கிய பூவரசங்கட்டை, விளக்கெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. தலையில் ஏழு கீறல். அதை என் மேஜைமேல், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இத பையில வெச்சிக்கோங்க நர்சம்மா. அடுத்த வருசமும் பூச வருது” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.